மறு: 6,000 மீட்டர் பறக்கும் ஹெலிகாப்டர் மலம்புழாவில் ஏன் நேராகத் தூக்கவில்லை?

2022 பிப்ரவரியில் கேரளத்தின் மலம்புழாவில் மலைப்பாறை இடுக்கில் சிக்கிய இளைஞரை நேராகத் தூக்காததற்கு உயரம் காரணம் இல்லைங்க, பாறைச் சுவர்தான். சூலூரில் நீங்கள் பார்த்த எம்ஐ-17வி5 ஹெலிகாப்டரின் மேல் விசிறி விட்டம் 21 மீட்டருக்கு மேல். செங்குத்துப் பாறை இடுக்கில் ஒட்டி உட்கார்ந்திருப்பவருக்கு நேர் மேலே நிற்கப் போனால் விசிறி பாறையில் அடிக்கும். விஞ்ச் (ஆளைத் தூக்கும் சுழல் இயந்திரம்) கயிறு எவ்வளவு நீளமானாலும் நேராகத்தானே தொங்கும்?

அன்று முதலில் முயன்ற கடலோரக் காவல்படை ஹெலிகாப்டராலும் நெருங்க முடியவில்லை. ராணுவ வீரர்கள் கயிற்றில் இறங்கி அந்த இளைஞரை உச்சிக்கு ஏற்றிய பிறகுதான், திறந்த இடத்திலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் தூக்கிப் போனது.

மலையோரக் காற்றும் சேர்ந்துகொள்ளும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றிப் பொள்ளாச்சிக்காரரான உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

அப்புறம், அந்த 6,000 மீட்டர் என்பது முன்னோக்கிப் பறக்கும்போது உள்ள வரம்பு. அந்தரத்தில் அசையாமல் நிற்பதற்கான உயரம் விவரப் பட்டியலில் தனியாக இருக்கிறதா பாருங்கள். அது குறைவாகவே இருக்கும், மீட்புக்கு அதுதான் கணக்கு. அதையும் அப்படியே நம்ப வேண்டாம்: சித்திரை வெயிலில், எடை ஏற ஏற, இன்னும் குறையும்.