அகலமான ரிம்மும் டயரும் போட்டால் ஸ்போர்ட்ஸ் கார் டிராக்கில் நன்றாக வளையுமா?

பின்சக்கர ஓட்டமுள்ள இரண்டு சீட் கார், நான்கிலும் 7.5 இன்ச் ரிம்மில் 225/45 ஆர்17 டயர் (225 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம்). இதை எடுத்துவிட்டு 9 இன்ச் ரிம்மில் 255/40 ஆர்17 போட்டால் டிராக்கில் எவ்வளவு வித்தியாசம் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். வித்தியாசம் நிச்சயம் தெரியும். ஆனால் கேம்பரையும் (சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்) டயர் காற்றையும் தொடாமல் அகலத்தை மட்டும் கூட்டினால், காசு கொடுத்து வாங்கிய அந்த அகலம் வளைவில் தரையைத் தொடவே தொடாது.

நான் மன்னார்குடியில் டயர், வீல் அலைன்மென்ட் பட்டறை வைத்திருக்கிறேன். வருவதில் பாதி டிராக்டரும் லோடு வண்டியும்தான். என் அக்கா மகனிடம் நீங்கள் சொல்லும் அதே டயர் அளவில் ஒரு கார் இருக்கிறது. அவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போகும் நாட்களில், ஜாக்கியும் காற்று மீட்டரும் எடுத்துக்கொண்டு நானும் போவேன். அங்கே கைப்பட அளந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அகலச் சக்கரம் என்றாலே ஒரு நம்பிக்கை உண்டு. மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வந்ததும் டிராக்டரில் கேஜ் வீல் மாட்டித்தான் சேறடிப்பார்கள். வெறும் டயரோடு இறங்கினால் வண்டி தொளியில் புதைந்துவிடும். பழைய கட்டை வண்டியின் இரும்புப் பட்டை ஈர வண்டலை அறுத்துக்கொண்டு இறங்கும், டயர் வண்டி மேலாகவே போய்விடும். இதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, அகலம் கூடினால் பிடிப்பும் கூடும் என்று யாரும் சொல்லாமலே தோன்றும். தார் ரோட்டில் எதுவும் புதைவதில்லை. அங்கே கணக்கே வேறு.

அதை அக்கா மகனுக்குக் காட்ட ஒரு வேலை செய்தேன். அரிசி மாவைக் கரைத்து டயர் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள்) மேல் பூசி, கீழே கறுப்பு சார்ட் பேப்பரை விரித்து, ஜாக்கியை மெல்ல இறக்கினேன். 225 டயரின் தடம் 19 சென்டிமீட்டர் அகலம், முன்பின்னாக ஏழரை சென்டிமீட்டர் நீளம். 255 டயரில் அகலம் 22, நீளம் ஆறரைதான். பெருக்கிப் பாருங்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே பரப்பு! காரணம் எளிது. வண்டி 1,300 கிலோ, ஒரு சக்கரத்துக்குச் சுமார் 325 கிலோ. இரண்டிலும் காற்று 32 பிஎஸ்ஐ, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 2.25 கிலோ. வகுத்தால் 144 சதுர சென்டிமீட்டர். டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் எடை தாங்கும் என்பதால் துல்லியமாக வராது, ஆனால் இதை ஒட்டியே வரும்.

பரப்பு கூடவில்லை என்றால் அகல டயர் ஏன் வேகமாக வளைகிறது? தடத்தின் வடிவம் மாறுவதால். வளைவில் ஒவ்வொரு பட்டனும் தடத்தின் முன்முனையில் தரையைப் பிடித்து, பின்முனைக்குப் போகப் போக இழுபட்டு, கடைசியில் வழுக்கிக்கொண்டு வெளியேறுகிறது. தடம் குட்டையாக இருந்தால் அது அதிகம் இழுபடுவதற்குள் வெளியே வந்துவிடும், வழுக்கும் பகுதி குறையும். ஸ்டியரிங்கை ஒடித்த மாத்திரத்தில் வண்டி திரும்புவது அதனால்தான். ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்பி வரும் விசை மட்டும் கொஞ்சம் குறையும். பிடி விடப்போகிறது என்று கைக்குக் கிடைக்கும் சேதி மங்கலாகும்.

அதைவிடப் பெரிய லாபம் சூடு. ரப்பர் அதிகம் என்பதால் வெப்பத்தைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் அதிகம். 225 டயர் ஐந்தாவது சுற்றில் எண்ணெய் தடவியதுபோல ஆகிவிடும். 255 அப்போதும் தாங்கும். இன்னொன்று, காற்று. 225/45 ஆர்17-இல் பொதுவாக 91 என்ற எடைக் குறியீடு இருக்கும், ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று அர்த்தம். 255/40-இல் 94, அது 670 கிலோ. கூடுதலாகத் தாங்குவதால் காற்றை இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைக்க முடியும். அப்போதுதான் தடத்தின் பரப்பு உண்மையிலேயே கூடுகிறது.

இனி நாங்கள் செய்த தப்பு. முதல் தடவை கேம்பரைத் தொடாமல் 255-ஐ மாட்டிக்கொண்டு போனோம். நான்கு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "மாமா, ஸ்டியரிங் ஒடிக்கும்போது நல்லா இருக்கு, வளைவு நடுவுல மூக்கு வெளிய போகுது" என்றான். ஊசி வைத்த வெப்பமானியால் வெளிப்பக்க முன் டயரை மூன்று இடத்தில் குத்திப் பார்த்தேன். உள்விளிம்பு 68 டிகிரி, நடுவில் 77, வெளிவிளிம்பு 96. ஓரத்தில் சாக்பீஸால் கிழித்திருந்த கோடு, பட்டனைத் தாண்டிப் பக்கச்சுவர் வரை அழிந்திருந்தது. ரப்பர் ஓரத்தில் மட்டும் சுருண்டு சுருண்டு நின்றது, உள்பக்கம் புதுசுபோல மழமழவென்று இருந்தது. வண்டி சாயும்போது டயரும் சேர்ந்து சாய்ந்து, வெளி ஓரத்திலேயே முழு எடையும் நின்றிருக்கிறது. டயர் எவ்வளவு அகலமோ, அந்தச் சாய்வில் உள்விளிம்பு அவ்வளவு தூக்கிக்கொள்ளும்.

கம்பெனி வைத்த முன் கேம்பர் மைனஸ் அரை டிகிரி (மைனஸ் என்றால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்வது). ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட்டை மாற்றி மைனஸ் இரண்டரைக்குக் கொண்டுவந்தோம். அடுத்த முறை பழைய 225-ஐயும் கூடவே எடுத்துப்போனோம். இந்தக் கேம்பரில் அந்தப் பழைய 225, முன்பு கேம்பரைத் தொடாமல் ஓடிய 255-ஐவிட வேகமாகச் சுற்றியது! நீங்கள் செலவு செய்யுமுன் இந்த ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பிறகு 255-ஐ மாட்டியதும் சுற்று நேரம் இன்னும் குறைந்தது. முதல் இரண்டு சுற்றில் சொற்பம், ஆறாவது சுற்றில் நன்றாகத் தெரிந்தது. வெப்பமானியும் உள்ளே 88, நடுவில் 84, வெளியே 80 என்று வந்தது.

ரிம்மைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இருக்கிற 225 டயரையே 8.5 இன்ச் ரிம்மில் போடலாம், அந்த டயருக்கு அதுதான் மேல் எல்லை. பக்கச்சுவர் நிமிர்ந்து நிற்கும், வளைவில் மடங்காது. டயர் மாற்றாமலே ஸ்டியரிங் கூர்மையாகிவிடும். இதற்கு நேர்மாறாக, 255-ஐ உங்கள் 7.5 ரிம்மிலேயே திணிக்கச் சொல்லும் கடைக்காரர் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த டயருக்குக் குறைந்தது 8.5 வேண்டும். இல்லையென்றால் உதடு குவித்ததுபோல டயர் உள்வாங்கிக்கொண்டு, வளைவில் பக்கவாட்டில் புரளும்.

9 இன்ச் ரிம் வாங்கும்போது ஈடி எண்ணையும் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்ற அளவு) பாருங்கள். ஒன்றரை இன்ச் கூடினால் 38 மில்லிமீட்டர். ஈடி மாறாவிட்டால் உள்ளே 19, வெளியே 19. உள்ளே ஷாக் அப்சார்பரில் இடிக்கிறதா, வெளியே ஃபெண்டரில் உரசுகிறதா என்று ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பார்க்க வேண்டும். ஈடியைக் குறைத்து வெளியே தள்ளினால் பேரிங்குக்குப் பாரம் கூடும், மேடு பள்ளத்தில் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும். எடையும் முக்கியம். ரிம்மும் டயரும் சேர்ந்து சக்கரத்துக்கு மூன்று கிலோ கூடினால், அந்த மூன்றையும் உருட்டவும் நிறுத்தவும் வேண்டும், சஸ்பென்ஷனும் அதைத் துள்ளவிடாமல் பிடிக்க வேண்டும். காற்றைக் கிழிக்கும் முகப்பும் பெரிதாவதால், நேர் ரோட்டில் உச்ச வேகம் சற்றுக் குறையும்.

பின்னால் மட்டும் அகலம் கூட்டலாமா என்றால், டிராக்குக்கு வேண்டாம். பின்பக்கம் பிடித்துக்கொள்ளும், மூக்கு திரும்ப மறுக்கும். நான்கிலும் ஒரே அளவு இருக்கும் வண்டியை நான்கிலும் ஒன்றாகவே மாற்றுங்கள்.

2017-இல் ஃபார்முலா 1 முன் டயரை 245-இலிருந்து 305 மில்லிமீட்டருக்கும், பின் டயரை 325-இலிருந்து 405-க்கும் அகலமாக்கியதைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். அதே ஆண்டு வண்டியின் அகலமும் இறக்கைகளும் கூடவே பெரிதாயின. அந்த வேகம் டயருடையது மட்டுமல்ல. இன்னொரு பக்கம், டொயோட்டா ஜிடி86 வந்தபோது 215/45 ஆர்17 என்ற சாதாரண டயரோடுதான் வந்தது. வழுக்கத் தொடங்குவது ஓட்டுபவருக்குக் குறைந்த வேகத்திலேயே தெரியட்டும் என்று வேண்டுமென்றே வைத்த அளவு அது. நீங்கள் இப்போதுதான் டிராக் பழகுகிறீர்கள் என்றால், ஒரு வருடம் 225-லேயே ஓட்டுவது நல்லது என்பது என் கருத்து.

கடைசியாக மழை. ஒரு ஐப்பசியில் 255-ஐக் கழற்றாமலே சென்னையிலிருந்து ஊருக்கு வந்துகொண்டிருந்தோம். சேத்தியாத்தோப்பு தாண்டி ரோட்டில் தேங்கிய தண்ணீரில் ஏறியதும், 70 கிலோமீட்டர் வேகத்திலேயே ஸ்டியரிங் பஞ்சாகிவிட்டது. தடம் அகலமாகவும் குட்டையாகவும் இருந்தால் தண்ணீரைப் பிதுக்கி வெளியேற்ற நேரம் போதாது, டயர் மிதந்துவிடும். டிராக் டயரின் ஆழமில்லாத பட்டன் அதை இன்னும் மோசமாக்கும். அறுவடைக் காலத்தில் ரோட்டில் காயும் நெல்லும், அறுவடை இயந்திரம் இழுத்துவரும் சேறும் வேறு.

அன்றிலிருந்து ரோட்டுக்கு 225 தான். அந்த 255 நான்கும் 9 இன்ச் ரிம்மோடு பட்டறையின் பின்கட்டில் வெயில் படாமல் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கின்றன. டிராக் போகும் வாரத்தில் எடுத்து, பேலன்ஸ் பார்த்து, டிக்கியிலும் என் வேனிலுமாக ஏற்றிக்கொண்டு போய் அங்கேதான் மாட்டுகிறோம்.