'கண்ணாடிக் கடை வேலை' என்று தள்ளிவிடாதீர்கள் அம்மா

நீட் மதிப்பெண் கைகொடுக்கவில்லை, பொண்ணு ஆப்டோமெட்ரிதான் (கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி பவர் சொல்லும் படிப்பு) படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், "கண்ணாடிக் கடையில் உட்காரவா படிக்க வைத்தோம்" என்று அவள் அப்பா வருத்தப்படுகிறார் என்று உசிலம்பட்டியிலிருந்து எழுதியிருந்தீர்கள். சரி, கடை வேலையும் கௌரவமான வேலைதான். ஆனால் அந்தப் படிப்புக்குள் உங்கள் வீட்டில் கேள்விப்படாத இன்னொரு வேலை இருக்கிறது: குறைபார்வை மறுவாழ்வு. ஆஸ்பத்திரியில் 'லோ விஷன்' என்பார்கள்.

கண் என்றால் மதுரைக்காரர்களுக்கு அண்ணா நகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. புரை விழுந்தால் ஆபரேஷனில் பார்வை திரும்பிவிடும் என்பது நமக்குப் பழகிப்போன விஷயம். விழித்திரையோ பார்வை நரம்போ கெட்டால் பல சமயம் அப்படித் திரும்புவதில்லை. "இதற்கு மேல் வைத்தியம் இல்லை" என்று டாக்டர் சொன்ன பிறகு அந்த நோயாளி எங்கே போவார்? உங்கள் மகள் உட்காரப்போகும் நாற்காலிக்குத்தான். எல்லாச் சிகிச்சைக்கும் பிறகு, நல்ல கண்ணிலேயே 6/18-க்குக் கீழே 3/60 வரை இருந்தால் குறைபார்வை. 3/60 என்றால், மற்றவர்கள் 60 மீட்டரில் படிக்கும் எழுத்தைப் படிக்க 3 மீட்டர் வரை நெருங்க வேண்டியிருக்கும்.

மல்லிகைப் பூக் கட்டிப் பிழைக்கும் ஒரு பாட்டியை அப்படி ஒரு பிரிவில் பார்த்தேன். நடுப்பார்வை போய்விட்டது. வெளிறிய சேலை மடியில் வெள்ளை மொட்டு எங்கே தெரியும்? அங்கிருந்த பெண் விளக்கைப் பாட்டியின் தோளுக்குப் பின்னால் திருப்பி வைத்தாள். மடியில் கறுப்புத் துணியை விரித்தாள். "நேரே பார்க்காதீங்க பாட்டி, ஓரக்கண்ணால பாருங்க" என்று தலையைச் சாய்த்துப் பழக்கினாள். பத்து நிமிஷத்தில் பாட்டியின் விரல்கள் மொட்டுகளை ஜோடி சேர்க்க ஆரம்பித்தன. அப்புறம் மாத்திரை அட்டையைப் படிக்க, ஸ்டாண்டு வைத்த பூதக்கண்ணாடி ஒன்று. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். தொடக்கத்தில் பெரிதாக இருக்காது. சின்ன ஊர்களில் லோ விஷனுக்கென்று தனி வேலையும் அபூர்வம். பெரும்பாலான நேரம் பவர் பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளைகளோடு வேலை செய்யப் பிடிக்குமானால் இன்னொரு வழியும் உண்டு: பார்வைக் குறைபாட்டுக்கான சிறப்புக் கல்வி டிப்ளமா, இரண்டு ஆண்டுகள். அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் கட்டாயம்; 1992-ம் ஆண்டுச் சட்டப்படி அங்கே பதிவு செய்தால்தான் தொழில் செய்ய முடியும்.

கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "லோ விஷன் கிளினிக் இருக்கிறதா, மாணவர்களுக்கு அங்கே எத்தனை வாரம் பயிற்சி?" மழுப்பினால் வேறு கல்லூரி பாருங்கள். அதற்கும் முன்னால், அனுமதி வாங்கி அரைநாள் அப்படி ஒரு பிரிவில் உங்கள் மகளை உட்கார வையுங்கள். அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.