அறுபதுக்குப் பின் வரலாற்று வகுப்பு: வாசகர் கேள்வி–பதில்

பணி ஓய்வு பெற்றவர்களுக்கான வரலாறு, பண்பாட்டு வகுப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்புக்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் அவற்றை ஒரு கேள்வியாகச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ரயில்வேயில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், வயது 67. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைதான் தமிழ் படித்தேன். எங்கள் வட்டாரத்தில் தொடங்கவிருக்கும் வரலாற்று வகுப்பில் சேர ஆசை. ஆனால், பள்ளியில் வரலாறு என்றாலே ஆண்டுகளை மனப்பாடம் செய்வதுதான். இப்போது நேற்றுச் சாப்பிட்டதே நினைவில் நிற்பதில்லை. இது எனக்கு ஒத்து வருமா?
— பட்டர்வொர்த் வாசகர்

பதில்: தாராளமாகச் சேருங்கள், ஐயா. ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வைத்தது தேர்வுத்தாள்; உங்கள் வகுப்பில் அது இல்லை. முக்கியமான ஆண்டுகளை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டால் போதும். பெரியவர்களின் வகுப்புக்கு வேண்டிய முதல் தகுதி, ஒருவர் ஒன்றைச் சொன்னதும் ‘இது எப்படித் தெரியும்?’ என்று கேட்கும் பழக்கம். பேரேட்டையும் ரசீதையும் ஒப்பிட்டுப் பார்த்தே காலம் கழித்த உங்களுக்கு அது கைவந்த பழக்கமாகத்தான் இருக்கும். ஆறாம் ஆண்டுத் தமிழைப் பற்றியும் கவலை வேண்டாம். கல்வெட்டுத் தமிழைப் பட்டதாரிகளும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒருநாள் சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள். பேசுபவர் ஒன்றரை மணி நேரமும் தாமே பேசிக் கைதட்டலோடு முடித்தால் அது சொற்பொழிவு. கேட்டு மகிழலாம், ஆனால் அதை வகுப்பு என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். பெரிய எழுத்தில் அச்சிட்ட தாள் தருகிறார்களா, இடையில் தேநீருக்கு நேரம் விடுகிறார்களா, கழிவறை அதே மாடியில் இருக்கிறதா என்பனவற்றையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வகுப்பை ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் நடத்துகிறார். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றிய பாடத்தன்று வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது. இராஜேந்திர சோழன் கடாரத்தை (இன்றைய கெடாவை) ஆண்டான், அங்குள்ள சண்டிகளை, அதாவது பழங்கோயில்களை, அவனே கட்டினான் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை ஒரு சாரார் படித்துக் காட்டினார்கள். அதற்குச் சான்று இல்லை என்று ஆசிரியர் சொன்னதும், தமிழனின் பெருமையைக் குறைக்கிறார் என்று கோபித்துக்கொண்டு இருவர் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். யார் சொல்வது சரி?
— சுங்கை பட்டாணி வாசகி

பதில்: அம்மா, இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், பெரியவர்களின் வரலாற்று வகுப்புகள் பெரும்பாலும் உடைவது இந்த இடத்தில்தான்.

இராஜேந்திரன் கடல் கடந்து படை அனுப்பியது உண்மை. ஏறத்தாழ 1025இல் நடந்த அந்தப் படையெடுப்பை அவனுடைய மெய்க்கீர்த்தி ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்று தொடங்கிப் பாடுகிறது. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் என்று ஊர்களை வரிசையாகச் சொல்லிக் ‘கடுமுரட் கடாரமும்’ என்று முடிக்கிறது. இதைத் தாளில் அச்சிட்டு வகுப்பில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் ஊர்ப்பெயர்களை அடிக்கோடிடட்டும். பிறகு, இதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார் என்று கேளுங்கள். வென்ற அரசன் தன்னைப் பற்றித் தன் நாட்டுக் கல்லில் வெட்டுவித்த புகழ்மொழி இது. போர் நடந்ததற்கும், கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்க வர்மன் பிடிபட்டான் என்று சோழர் சொல்லிக்கொண்டதற்கும் இது சான்று. அதன்பின் சோழர் அங்கேயே தங்கி ஆண்டார்கள் என்றோ, கோயில் கட்டினார்கள் என்றோ இதில் ஒரு வரியும் இல்லை.

சண்டிகளின் சான்று வேறு வகையானது. அது மண்ணுக்குள்ளிருந்து வந்தது. 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் அங்கு அகழாய்வு செய்தார். புக்கிட் பத்து பாஹாட் சண்டியை அலஸ்டர் லேம்ப் 1959–60இல் மீட்டுக் கட்டினார். மெர்போக்கில் உள்ள அருங்காட்சியக வளாகத்தில் இன்று நாம் பார்க்கும் சண்டிகளில் அது தன் பழைய இடத்திலேயே நிற்கிறது. வேறு சில, தாம் இருந்த இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. பள்ளத்தாக்கின் எச்சங்கள் ஒரே காலத்தவையும் அல்ல, ஒரே சமயத்தவையும் அல்ல. சில இராஜேந்திரனுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. பௌத்தமும் உண்டு, சைவமும் உண்டு. அரசன் ஒருவன் வந்து ஒரே மூச்சில் கட்டியிருந்தால் இந்தக் கலவைக்கு இடமே இருந்திருக்காது. மாறி மாறி வந்த வணிகர்களும் உள்ளூர் மக்களும் ஆட்சியாளர்களும் நெடுங்காலம் சேர்ந்து உருவாக்கிய துறைமுக வட்டாரம் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டி எடுத்த இரும்பு உருக்கும் உலைகள் இந்தச் சித்திரத்தை இன்னும் விரிவாக்கியுள்ளன. அவற்றின் காலத்தைப் பற்றிய விவாதம் ஓயவில்லை.

கோபித்துக்கொண்டு போனவர்களிடம் சொல்லுங்கள்: ஆசிரியர் சொன்னதால் தமிழர் கதை சிறுத்துவிடவில்லை. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தை மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவின் பாதுகாப்பில் விட்டதைச் சொல்கிறது; அது இராஜேந்திரனுக்கு முந்திய ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுமத்ராவின் பாரூஸில் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழு 1088இல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. இராஜேந்திரனின் தந்தை காலத்தில் கடாரத்து அரச மரபினர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினார்கள்; அதற்கு இராஜராஜன் ஆனைமங்கலத்தை மானியமாக விட்டதை லெய்டன் செப்பேடுகள் பதிவு செய்துள்ளன. தந்தை நிலம் கொடுத்து நட்புப் பாராட்டிய நாட்டின்மேல் மகன் ஏன் படை செலுத்தினான்? இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒரு வகுப்பு முழுவதையும் நடத்தலாம். கடல் வணிகப் பாதையில் யார் கை ஓங்குவது என்பதுதான் காரணம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உங்கள் வகுப்பார் வேறு காரணம் சொன்னால் அதற்கு என்ன சான்று என்று கேளுங்கள்.

ஆசிரியர் பக்கம் நின்றவர்களும் அவசரப்பட வேண்டாம். பட்டினப்பாலையில் வரும் ‘காழகத்து ஆக்கமும்’ என்ற தொடரில் உள்ள காழகம் கடாரம்தான் என்பது நச்சினார்க்கினியர் உரை. அவர் பாட்டுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் வாழ்ந்தவர் என்பதால் அவர் உரையை அப்படியே முடிவாகக் கொள்ளவும் முடியாது, தள்ளவும் முடியாது. மறுபுறம், 1834இல் செபராங் பிறை வட்டாரத்தில் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த புத்தகுப்தன் என்னும் மாலுமியின் கல்வெட்டு தென்னிந்திய எழுத்து முறையில் இருந்தாலும், அதன் மொழி சமஸ்கிருதம். மாலுமியின் ஊரான இரக்தமிருத்திகையை அறிஞர் பலர் வங்காளத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். எழுத்தைப் பார்த்ததும் தமிழன் என்று எழுதிவிடும் கட்டுரைகள் நம்மிடையே ஏராளம்.

வகுப்பில் கசப்பு தீர, எல்லோரும் ஒரு வேனில் மெர்போக் போய் வாருங்கள். வெயில் ஏறுமுன் போனால் முழங்காலுக்கும் நல்லது. 2013இல் பள்ளத்தாக்கில் ஒரு சண்டியின் எச்சம் நில மேம்பாட்டு வேலையின்போது இடிக்கப்பட்டது. யார் கட்டியது என்ற சண்டையை விட, இருப்பதை யார் காப்பது என்ற கேள்விக்கு இரண்டு அணியும் சேர்ந்து நேரம் ஒதுக்கலாம் என்பது என் எண்ணம்.

கேள்வி: நாங்கள் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் பெண்கள். ஆலய மண்டபத்தில் வாரம் ஒருமுறை வரலாறு படிக்க விரும்புகிறோம். விரிவுரையாளர் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கட்டணம் தர வசதியில்லை. எப்படித் தொடங்குவது?
— செந்தூல், கோலாலம்பூர் வாசகி

பதில்: விரிவுரையாளர் இல்லாமலேயே தொடங்கலாம். ஓய்வு பெற்றவர்கள் கூடிப் படிக்கும் மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் என்ற ஏற்பாடு 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் பேராசிரியர்களைக் கொண்டு தொடங்கியது; 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனுக்குப் போனபோது, உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் ஆசிரியர் ஆகும் முறையாக மாறியது. உங்களுக்கு ஏற்றது பிரிட்டன் முறை.

செந்தூலில் இருந்துகொண்டு பாடப்பொருளைத் தேட வேண்டியதே இல்லை, அம்மா. ரயில்வே பட்டறையில் வேலை செய்த தந்தை, தோட்டத்து லயத்திலிருந்து நகருக்கு வந்த பாட்டி என்று உங்கள் பன்னிரண்டு பேரின் வீட்டிலும் ஏதாவது இருக்கும். முதல் வகுப்புக்கு ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பழைய தாளை மட்டும் கொண்டுவரட்டும்: பிறப்புச் சான்றிதழ், குடியுரிமைப் பத்திரம், அவசரகாலம் தொடங்கிய 1948இல் நடந்த தேசியப் பதிவின்போது கொடுத்த அடையாள அட்டை, ரஜூலா கப்பலில் வந்த பயணச் சீட்டு, எதுவானாலும் சரி. தாளில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதவில்லை, பெயரை ஏன் அப்படி எழுதியிருக்கிறார்கள், பிறந்த ஆண்டு உண்மையானதா, கிராணி தம் மனம்போன போக்கில் போட்டதா என்று பேசத் தொடங்கினால் ஒரு மாலை போதாது. பிறகு அந்தத் தாளுக்குப் பின்னால் உள்ள பெரிய கதைக்குப் போங்கள். உதாரணமாக, தாத்தா 1920களில் கங்காணியோடு வந்தவர் என்றால், 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடிநுழைவு நிதியிலிருந்து தொழிலாளர்களின் கப்பல் செலவு கொடுக்கப்பட்டதையும், ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டதையும், 1938இல் இந்திய அரசு உதவித் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்ததையும் படிக்கலாம். தாத்தா அந்த ஆண்டுகளுக்கு இடையில் எங்கே நிற்கிறார் என்று பார்த்தால், ஆண்டுகள் தாமாக மனத்தில் தங்கும்.

மேலும் தேட வேண்டுமானால், தேசிய ஆவணக் காப்பகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. தொழிலாளர் துறையின் பழைய கோப்புகளும் அறிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், ஆங்கிலம் தெரிந்த உறுப்பினர் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தின் தமிழ்த் தொகுப்பைப் பயன்படுத்த முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. முதலாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966இல் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் நடந்தது. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் இணையத்தில் வைத்துள்ள பழைய நாளிதழ்களில் தமிழ் முரசும் உண்டு. அதை வீட்டிலிருந்தே படிக்கலாம்.

ஒன்றை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில் வேலைக்கு 1942–43இல் பிடித்துப் போகப்பட்டவர்களின் குடும்பங்கள் உங்கள் நடுவில் இருக்கக்கூடும். அதைப் பற்றிக் கேட்பதற்கு முன் தனியே அனுமதி கேளுங்கள். குரலைப் பதிவு செய்தால் அந்தப் பதிவு யாரிடம் இருக்கும், யார் கேட்கலாம் என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ‘இந்த வயதில் படித்து என்ன உத்தியோகத்துக்கா போகப் போகிறாய்?’ என்று என் கணவர் கேலி செய்கிறார். என்ன சொல்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அவரையும் அழைத்து வாருங்கள். வராவிட்டால், வகுப்பு நாளன்று மதியச் சமையலை அவர் பொறுப்பில் விடுங்கள்.

கேள்வி: ஜார்ஜ் டவுனில் முதியவர்களை அழைத்துக்கொண்டு நடைவகுப்பு நடத்த விரும்புகிறோம். சுற்றுலா வழிகாட்டிகள் சீன மாளிகைகளையும் சுவரோவியங்களையும் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். தமிழர் வரலாறு தெரியும்படி எந்த வழியாகப் போகலாம்?
— ஆயர் ஈத்தாம் வாசகர்

பதில்: கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் தொடங்குங்கள். 1801இல் அதைத் தோற்றுவித்த காதர் முகைதீன் தமிழ் முஸ்லிம் வணிகர். அங்கிருந்து குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் ஆலயம் வரை நடக்கலாம்; அது 1833இல் எழுந்தது. பக்கத்திலேயே சூலியா ஸ்திரீட் முனையில் நாகூர் தர்கா இருக்கிறது. நாகப்பட்டினக் கரையிலிருந்து மரக்கலத்தில் வந்தவர்கள் தம் ஊர் ஆண்டவரின் நினைவை இங்கேயும் நிறுவிக்கொண்டார்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று எட்டும் தூரத்தில் இருப்பதைப் பார்த்தாலே, இந்தத் தெருக்களில் தமிழர் எப்படிச் சேர்ந்து குடியேறினார்கள் என்பதை உறுப்பினர்கள் தாமே சொல்லிவிடுவார்கள். பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டு வாசலில், தைப்பூச வெள்ளி இரதத்தையும் நகரத்தார் வட்டித் தொழிலையும் பற்றிப் பேசலாம்.

கட்டடம் இல்லாத இரண்டு செய்திகளையும் வழியில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, பாளையக்காரர் போர் முடிந்தபின் 1802இல் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உள்ளிட்டோர் நாடு கடத்தப்பட்டது இந்தப் பினாங்குத் தீவுக்குத்தான். மற்றது, 1816இல் தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூலின் தமிழ் வகுப்பை மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்கிறோம். இவற்றைச் சொல்ல நிழலுள்ள ஓர் அஞ்சடி (கடை முன் நடைபாதை) போதும். ஆனால் அஞ்சடிகளின் தளம் கடைக்குக் கடை ஏறி இறங்கும் என்பதால் கைத்தடி உள்ளவர்களைத் தெரு ஓரமாக அழைத்துச் செல்லுங்கள். பள்ளிவாசலுக்குள் போக விரும்பினால் தொழுகை நேரத்தைத் தவிர்த்து, முன்கூட்டியே பொறுப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு காலைப்பொழுதில் நான்கு இடங்களுக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: இப்படிப்பட்ட வகுப்புகளில் படித்ததற்குச் சான்றிதழ் கிடைக்குமா? பிறகு பட்டப்படிப்பில் சேர உதவுமா?
— பிறை வாசகர்

பதில்: ஆலய மண்டபத்திலும் முதியோர் நடவடிக்கை மையத்திலும் நடக்கும் வகுப்புகள் தரும் வருகைச் சான்றிதழைப் பட்டப்படிப்புக்குத் தகுதியாகக் கொள்ள மாட்டார்கள். உங்களுக்குப் பட்டம்தான் நோக்கம் என்றால், முந்தைய பணி அனுபவத்தையும் கற்றலையும் மதிப்பிட்டு நுழைவுத் தகுதி வழங்கும் ‘ஏப்பல்’ என்ற ஏற்பாடு மலேசியத் தகுதி நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. மலேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகம், பினாங்கிலேயே உள்ள வாவாசான் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் நேரில் விசாரியுங்கள். கட்டணத்தையும், நீங்கள் விரும்பும் பாடம் அங்கே இருக்கிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்திடுங்கள்.