பெங்களூரில் ஆன்லைன் மோசடியில் பணம் போய்விட்டது. சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் புகார் சொல்லிவிட்டேன். இனி பணம் தானாக வருமா?

கேள்வி கேட்டவர் எலக்ட்ரானிக் சிட்டியில் பி.ஜி.யில் தங்கி வேலை பார்ப்பவர். டெலிகிராமில் ‘ஓட்டல்களுக்கு ரேட்டிங் போடும் வேலை’ என்று நம்பி, நேற்றிரவு நான்கு தவணையாகப் பணம் அனுப்பியிருக்கிறார். 1930-க்கு அழைத்ததும் எஸ்.எம்.எஸ்.ஸில் ஒரு எண் வந்திருக்கிறது. கன்னடம் தெரியாததால் ஸ்டேஷனுக்குப் போகத் தயக்கமாக இருக்கிறதாம். அந்த எண்ணே போதாதா என்கிறார்.

போதாது தம்பி. பணம் தானாக வராது.

நான் ஹலசூரில் வரிக்கணக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் இருக்கிறேன். பான் கார்டு, ஜி.எஸ்.டி. என்று வருகிற நம்ம ஆட்கள் இப்போதெல்லாம் “அண்ணா, இதையும் கொஞ்சம் போட்டுக் கொடுங்க” என்று சைபர் புகாரையும் கொண்டுவருகிறார்கள். நான் பார்த்தவரை, பாதிப் பேர் நீங்கள் நிற்கும் இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். 1930-இல் கிடைப்பது ஒப்புகை எண். அது எஃப்.ஐ.ஆர். இல்லை. ஒப்புகை எண் பணத்தைப் பாதி வழியில் நிறுத்திவைக்க. எஃப்.ஐ.ஆர். அந்தப் பணத்தை உங்கள் கைக்குத் திரும்பக் கொண்டுவர. இரண்டும் வேண்டும்.

நிறுத்திவைப்பது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அவசரம் எதற்கென்று புரியும். நீங்கள் அனுப்பிய பணம் முதலில் போய் விழுவது யாரோ ஒரு அப்பாவியோ கமிஷனுக்கு ஆசைப்பட்டவனோ வாடகைக்குக் கொடுத்த கணக்கில். அங்கிருந்து சில நிமிடங்களில் நாலைந்து கணக்குகளுக்குப் பிரியும். அப்புறம் ஏ.டி.எம்., கிரிப்டோ என்று எங்கேயாவது கரையும். 1930-இல் நீங்கள் சொல்வதை எடுத்துக்கொள்பவர் அதைக் கணினியில் ஏற்றியதும் அந்தந்த வங்கிக்குத் தகவல் போகும். பணம் இன்னும் அங்கேயே இருந்தால் வங்கி அதைப் பிடித்து வைக்கும். ‘லியன் போட்டாச்சு’ என்பார்கள். போய்விட்டிருந்தால் எந்த வங்கிக்குப் போனதோ அந்த வங்கிக்குச் செய்தி நகரும். ஆக, பணமும் புகாரும் ஒரே பாதையில் ஓடுகின்றன. எது முந்துகிறதோ அதைப் பொறுத்துத்தான் பிடிபடும் தொகை. இரவு பதினொன்றுக்கு ஏமாந்துவிட்டு, காலையில் வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யலாம் என்று இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் கணக்கில் மிச்சம் இருந்ததில்லை. நீங்கள் அன்றிரவே அழைத்தது நல்ல காரியம்.

இப்போது அடுத்த வேலை. 1930-க்கு அழைத்தவர் 24 மணி நேரத்துக்குள் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற மத்திய உள்துறையின் தளத்தில் அந்த எண்ணை வைத்து முழுப் புகாரையும் பதிய வேண்டும். உங்களுக்கு இன்றே கெடு. இதில்தான் ஆட்கள் வழுக்குகிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மர்ஃபி டவுனில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா வந்திருந்தார். கொரியர் வந்திருக்கிறது, முகவரி சரியில்லை, ஐந்து ரூபாய் கட்டுங்கள் என்று வந்த செய்தியை நம்பி ஒரு ஏ.பி.கே. கோப்பை (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) போனில் இறக்கியிருக்கிறார். தீபாவளித் தையலுக்கு வாங்கிய முன்பணம் மொத்தமும் போய்விட்டது. நான் முதலில் கேட்டது பரிவர்த்தனை எண். ஃபோன்பேயைத் திறந்து டி-யில் தொடங்கும் நீள எண்ணைக் காட்டினார். அது அந்தச் செயலியின் சொந்த எண். வங்கிக்கு அதனால் பெரிய பயன் இல்லை. அதே பக்கத்தில் கீழே, எந்தக் கணக்கிலிருந்து பணம் கழிந்தது என்று காட்டும் இடத்தில் யு.டி.ஆர். என்று 12 இலக்க எண் இருக்கும். வேண்டியது அதுதான். கூகுள் பே என்றால் ‘யு.பி.ஐ. டிரான்சாக்‌ஷன் ஐ.டி.’ என்பதை எடுங்கள், கூகுளின் பெயர் போட்ட மற்ற எண்ணை விட்டுவிடுங்கள். நீங்கள் நான்கு முறை அனுப்பியிருப்பதால் நான்கு எண்களையும் தனித்தனியாக, தேதி, தொகையோடு ஏற்ற வேண்டும். மொத்தத் தொகையை ஒரே வரியில் போட்டால் மற்ற மூன்று கணக்குகளைத் தேட வழியே இருக்காது.

அப்புறம் நடந்ததை விவரிக்கும் பெட்டி. குறைந்தது 200 எழுத்துகள் வேண்டும், குறியீடுகள் கூடாது. அக்கா தன் வங்கி எஸ்.எம்.எஸ்.ஸை அப்படியே ஒட்டச் சொன்னார். அதில் கணக்கு எண்ணை மறைக்கும் நட்சத்திரக் குறிகள் இருந்ததால் தளம் ஏற்கவே இல்லை. அழித்துவிட்டுத் தட்டினோம். எளிய ஆங்கிலத்தில் நாலு வரி போதும்: எப்போது, எந்த எண்ணிலிருந்து, என்ன சொன்னான், எவ்வளவு போனது. உங்கள் கோபத்தை எழுத இது இடமில்லை.

ஸ்கிரீன்ஷாட்டில் இன்னொரு சிக்கல். அவனுடைய எண்ணை அக்கா ‘கொரியர் தம்பி’ என்று சேமித்து வைத்திருந்தார்! எடுத்த படங்களில் எல்லாம் கொரியர் தம்பிதான் இருக்கிறான், எண் இல்லை. காண்டாக்டை அழித்துவிட்டு, எண் தெரியும்படி மறுபடி எடுத்தோம். உங்களுக்கு டெலிகிராம் என்பதால் காட்டும் பெயரை விட ‘அட்’ குறியோடு வரும் யூசர்நேம் முக்கியம். குழுவின் பெயர், அட்மினின் யூசர்நேம், அவர்கள் அனுப்பிய யு.பி.ஐ. ஐ.டி. எல்லாவற்றையும் எடுத்து முடிக்கும் வரை குழுவிலிருந்து வெளியேறாதீர்கள். எரிச்சலில் முழு அரட்டையையும் அழித்துவிட்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு அழுகையே வரும். ஏ.பி.கே. இறக்கியவர்கள் மட்டும் அந்த போனில் இணையத்தை அணைத்துவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லை மாற்றி, வேறொரு போனிலேயே புகாரையும் செய்ய வேண்டும்.

மாநிலம் கேட்கும் இடத்தில் கர்நாடகா என்றே தேர்ந்தெடுங்கள். ஆதாரில் திருவண்ணாமலை முகவரி இருக்கிறது என்று தமிழ்நாடு போட்டால் புகார் ஊருக்குப் போய்விடும். விசாரணைக்குக் கூப்பிடும்போது லீவு போட்டுப் பஸ் ஏறுவது நீங்கள்தான்.

வங்கிக்கும் தனியாகச் சொல்லுங்கள். கூகுளில் கஸ்டமர் கேர் எண் தேடாதீர்கள், அங்கேயும் திருடன் உட்கார்ந்திருக்கிறான். டெபிட் கார்டின் பின்புறம் உள்ள எண் போதும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிப்படி, உங்கள் தவறும் இல்லாமல் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆள் கைவைத்திருந்தால், தகவல் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டமே கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், அசாமில் ஒரு வாடிக்கையாளர் இழந்த சுமார் 94,000 ரூபாயை ஸ்டேட் வங்கிதான் தர வேண்டும் என்ற கௌஹாத்தி உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. அவர் 24 மணி நேரத்துக்குள் வங்கியிடம் சொல்லியிருந்தார். ஆனால் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்: நீங்களே பின் போட்டு அனுப்பிய பணத்துக்கு இந்தச் சுற்றறிக்கை துணைக்கு வராது. உங்களுக்குத் தெரியாமல் கழிந்தவர்களுக்குத்தான். அப்படிப்பட்டவர்கள் 30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு) போகலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம்.

சரி, ஸ்டேஷனுக்கு வருவோம்.

பெங்களூரில் சைபர் குற்றத்துக்கென்று டிவிஷன்வாரியாக சி.இ.என். காவல் நிலையங்கள் இருக்கின்றன. சைபர், பொருளாதாரக் குற்றம், போதைப்பொருள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. ஆனால் அங்கே மட்டும்தான் போக வேண்டும் என்பதில்லை. ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) சட்டத்தின் 78-ஆம் பிரிவு கேட்பது இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத ஒருவர் விசாரிக்க வேண்டும் என்பதைத்தான். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது. “இது எங்க லிமிட் இல்ல” என்றால் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு மாற்றிவிடச் சொல்லலாம். சண்டைக்குப் போகாமல் மரியாதையாகப் பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், பாதி வேலை அதிலேயே முடியும். அப்படியும் பதியாவிட்டால் அந்தப் பகுதி போலீஸ் துணை ஆணையருக்கு (டி.சி.பி.) எழுத்தில் அனுப்பலாம், அதற்கும் மேலே மாஜிஸ்திரேட்.

மொழிக்காகத் தயங்க வேண்டாம். புகாரை ஆங்கிலத்தில் ஒரே பக்கத்தில் அச்சடித்துக்கொண்டு போங்கள். தையல்கார அக்காவோடு நான் போயிருந்தபோது, எழுத்தர் மேசையில் இருந்தவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு “ஸ்வல்ப தமிழ் கொத்து, ஹேளி அம்மா” (கொஞ்சம் தமிழ் தெரியும், சொல்லுங்கம்மா) என்றார். அதற்கப்புறம் அக்கா மூச்சுவிடாமல் பேசினார், அவரை நிறுத்துவதுதான் எங்களுக்கு வேலையாக இருந்தது. எல்லா இடத்திலும் இப்படி வாய்க்கும் என்று சொல்லமாட்டேன். கன்னடம் தெரிந்த ஆபீஸ் நண்பரையோ பி.ஜி. ஓனரையோ அழைத்துப் போனால் தைரியமாக இருக்கும். ஆதார் நகல், வங்கி முத்திரை வைத்த ஸ்டேட்மென்ட், ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட், 1930 எண், தளத்தின் ஒப்புகை எல்லாம் இரண்டு செட். உள்ளே ஐ.டி. சட்டம் 66டி, பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 318 என்று போடுவார்கள். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியது, மோசடி என்று பொருள். எஃப்.ஐ.ஆர். நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். வாங்காமல் வெளியே வராதீர்கள். ‘மனு ஏற்கப்பட்டது’ என்ற முத்திரைச் சீட்டு வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு.

இந்த நகல் எதற்கு இவ்வளவு முக்கியம்? ஏதோ ஒரு வங்கியில், ஏதோ ஒருவன் கணக்கில், உங்கள் பணம் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. வங்கி அதைத் தானாக எடுத்து உங்களுக்குப் போடாது, பல நேரம் நீதிமன்ற உத்தரவு கேட்கும். எவ்வளவு, எந்தக் கணக்கில் நிற்கிறது என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டு வாங்கி, உத்தரவு தேவை என்றால் பி.என்.எஸ்.எஸ். 503-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனுப்போட வேண்டும். போலீஸ் அறிக்கை வந்ததும், பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, தொகையை விடுவிக்கச் சொல்லி வங்கிக்கு உத்தரவு போகும். ஒரே கணக்கில் பத்துப் பேரின் பணம் கலந்திருந்தால் இழுக்கும். உங்கள் நான்கு தவணையில் ஒன்றுதான் பிடிபட்டிருக்கிறது என்றால் அந்த ஒன்றுதான் வரும். முழுதாக வந்தவர்களைவிடக் கொஞ்சம் வந்தவர்களே நான் பார்த்ததில் அதிகம்.

வக்கீலுக்குக் காசில்லை என்றால் 15100-க்கு அழையுங்கள், தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் உதவி எண். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு. கர்நாடக மாநில ஆணையம் எச். சித்தையா சாலையில் நியாய தேகுல கட்டடத்தில் இருக்கிறது. அக்காவுக்கு மனு எழுதிக் கொடுத்தது இலவச வக்கீல்தான்.

வேறு ரக கேஸ் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பி.ஜி. பையன்கள் இதில் நிறைய மாட்டுகிறார்கள். வீடியோ காலில் பதிவு செய்து, படத்தை வீட்டுக்கு அனுப்புவேன் என்று மிரட்டுவது. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அடுத்த வாரமும் கேட்பான். பிளாக் செய்வதற்கு முன் ஆதாரம் எடுத்துக்கொண்டு அதே தளத்தில் புகார் செய்யுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படங்களுக்கு அங்கே பெயர் சொல்லாமலே புகார் செய்யும் வசதி இருக்கிறது. ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற தளத்தில் உங்கள் படத்தின் டிஜிட்டல் ரேகையை மட்டும் பதிந்தால், அதில் சேர்ந்திருக்கும் சமூக வலைதளங்கள் அந்தப் படம் ஏறாமல் தடுக்கப் பார்க்கும். படம் உங்கள் போனை விட்டு வெளியே போவதில்லை. 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கு ‘டேக் இட் டவுன்’ என்று தனித் தளம்.

மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்‌ஷுவில் புகார் போட்டால் போதுமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அது சந்தேகமான அழைப்பு, எஸ்.எம்.எஸ். வந்தால் சொல்வதற்கு. பணம் போனவருக்கு 1930தான்.

இனி உங்களுக்கு வரப்போகும் அழைப்பு ஒன்று இருக்கிறது. ‘சைபர் செல்லிலிருந்து பேசுகிறோம், உங்கள் தொகை ரெடி, 2,999 பிராசஸிங் ஃபீஸ் கட்டினால் விடுவிப்போம்’ என்பான். நீங்கள் எவ்வளவு இழந்தீர்கள் என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கும், ஏனென்றால் ஏமாற்றிய கும்பலே அந்தப் பட்டியலை விற்றிருக்கலாம். எக்ஸ் தளத்தில் உங்கள் கதையை எழுதினால் ‘இவரிடம் கேளுங்கள், எனக்கு மீட்டுத் தந்தார்’ என்று பத்துப் பேர் வருவார்கள், எல்லாம் அதே ரகம். 1930, இணையதளம், காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர். நகல் எதற்கும் பைசா கிடையாது. அப்படி எவனாவது அழைத்தால் அந்த எண்ணையும் குறித்துவைத்து, ஸ்டேஷனுக்குப் போகும்போது கூடவே கொடுத்துவிடுங்கள்.