எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். யார்மீது வழக்குப் போடுவது?

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. பிறவிக் கோளாறுக்காக இரண்டரை வயதில் கழுத்தின் கீழ்ப்பகுதியில் அறுவைசிகிச்சை செய்து எலும்புகளை இணைத்தார்கள். எட்டு மாதங்களுக்கு முன்பு கட்டிலிலிருந்து விழுந்தாள். தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, ஒன்றும் இல்லை என்று வலி மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் வலது கை தளர்ந்தது. வேறு மருத்துவமனையில் சிடி எடுத்தபோது கழுத்தின் இரண்டாம் எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. அறுவைசிகிச்சை செய்தவர் போனைக்கூட எடுப்பதில்லை. எல்லோர்மீதும் வழக்குத் தொடர வேண்டும்.

பதில்: அம்மா, உங்கள் ஆறு பக்கக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். டாக்டர் முகம் கொடுத்துப் பேசாதது, வரவேற்பறையில் காக்க வைத்தது, மாமியார் உங்களைப் பழிப்பது ஆகியவை எல்லாம் வலிதான். ஆனால் வழக்கில் இவற்றுக்கு இடமில்லை.

அறுவைசிகிச்சை செய்தவரை விட்டுவிடுங்கள். இணைத்த எலும்புகள் வளையாது. அசைவின் பாரம் முழுவதும் அடுத்த எலும்புகள்மீது ஏறும். சிறு குழந்தைக்கு உடம்பின் அளவோடு பார்த்தால் தலை கனம், எலும்புகளைப் பிடித்திருக்கும் நார்கள் இளக்கம். அதனால் விழுந்தால் கழுத்தின் மேல்பகுதிதான் பெரும்பாலும் அடிபடும். தெரிந்த அபாயம் நேர்ந்துவிட்டது என்பதாலேயே அது கவனக்குறைவு ஆகிவிடாது. அந்த அபாயம் ஒப்புதல் படிவத்தில் எழுதியிருந்தால் அவர்மீதான வழக்கு நிற்பது கடினம். அவரையும் சேர்த்தால், அறுவைசிகிச்சைத் தரப்பும் எக்ஸ்ரே எடுத்த மருத்துவமனையும் ஒன்றையொன்று கைகாட்ட நீங்களே வழி திறந்துவிடுவீர்கள்.

உங்கள் வழக்கு நான்காம் பக்கத்தில் ஒரே வரியில் இருக்கிறது: 'அன்றிரவு தானே தோசையைப் பிய்த்துச் சாப்பிட்டாள்.' அதாவது முதல் மருத்துவமனையிலிருந்து வந்த இரவில் வலது கை வேலை செய்தது. தளர்ந்தது அதற்குப் பிறகு. முறிவு விழுந்ததால் வந்தது, அதற்கு யாரும் பொறுப்பல்ல. முறிந்த கழுத்துக்குப் பட்டைகூடப் போடாமல் அனுப்பியதால் கை போனதா என்பதுதான் கேள்வி. இந்த வயதில் கழுத்தின் இரண்டாம் எலும்பின் பகுதிகள் ஒன்றோடொன்று முழுமையாக ஒட்டியிருக்காது. எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் போகலாம், இயல்பான வளர்ச்சிக் கோடு முறிவுபோலத் தெரியவும் செய்யலாம். கழுத்தில் முன்பு அறுவைசிகிச்சை நடந்த குழந்தை என்று தெரிந்தும் சிடியோ எம்ஆர்ஐயோ எடுக்கவில்லை என்றால் அது பலமான குற்றச்சாட்டு. தெரியாது என்று அவர்கள் சொல்லிவிட்டால் வழக்கின் பாதி போய்விடும். ஆகவே அவசரப் பிரிவுக் குறிப்பில் பழைய அறுவைசிகிச்சை எழுதப்பட்டிருக்கிறதா, கைகால் அசைவு இயல்பு என்று இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துமூலம் கேட்டால் 72 மணி நேரத்தில் நகல் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சில் விதி. நோட்டீஸ் அனுப்பும் முன்பே வாங்கிவிடுங்கள்.

இனி நான் பயப்படும் இடம். உங்கள் கடிதத்தில் முதல் பக்கத்தில் கட்டில், ஐந்தாம் பக்கத்தில் 'ஊஞ்சலில் நடந்ததை மாமியாரிடம் சொல்லவில்லை' என்ற வரி. இது என்ன? என்னிடம் ஒரு தந்தை வந்தார். குழந்தை பைக்கிலிருந்து விழுந்ததை வீட்டாருக்குப் பயந்து மறைத்தார். மருத்துவமனையில் 'படியில் வழுக்கினான்' என்றார், நோட்டீஸில் வேறொன்று சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் காகிதங்களை மேசையில் வரிசையாக வைத்து, எது உண்மை என்று ஒரே கேள்வி கேட்டார். டாக்டரின் தவறு அப்படியே இருந்தது, அதைப் பேச எங்களுக்கு வாய் இல்லாமல் போயிற்று. விழுந்த விதம் உங்கள் வழக்குக்குத் தேவையே இல்லை. பொய்யாக இருந்தால் மட்டும் அது வழக்கைக் கொல்லும். உண்மையை உங்கள் வக்கீலிடம் முதல் நாளே சொல்லுங்கள். உறவினர் குழுக்களில் வாட்ஸ்அப்பில் எழுதுவதை இன்றே நிறுத்துங்கள்.

போலீஸ் புகார் வேண்டாம். வேறொரு தகுந்த டாக்டரின் கருத்து இல்லாமல் டாக்டர்மீது குற்ற வழக்கை ஏற்கக் கூடாது என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கருத்தை முதுகெலும்பு அறுவைசிகிச்சை நிபுணர் ஒருவரிடம் நுகர்வோர் வழக்குக்காக வாங்குங்கள். அதிலும் 'இரண்டு நாள் தாமதத்தால் கை பாதித்தது' என்ற வாக்கியம் இல்லாவிட்டால் பயனில்லை.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: அந்த வாக்கியம் கிடைத்தால் சமரசத்துக்குப் போங்கள். மேல்முறையீடுகள் முடியும்போது குழந்தை பள்ளிப் படிப்பையே முடித்திருப்பாள். கைப்பயிற்சிக்குப் பணம் இப்போதுதான் தேவை. ஆனால் மருத்துவமனை அலுவலகத்தில் பில் தள்ளுபடிக்காக நீட்டும், இனி எதுவும் கேட்க மாட்டோம் என்ற 'முழுத் தீர்வு' காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 1998இல் ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில் குழந்தையும் பெற்றோரும் தனித்தனி நுகர்வோர் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அவளுடைய இழப்பீடு அவளுடையது. வழக்கைத் தாக்கல் செய்து, நுகர்வோர் ஆணையத்தின் மத்தியஸ்தத்தில் பேசி, உத்தரவாகவே வாங்குங்கள். அவள் பங்கு மைனர் பெயரில் வங்கி வைப்பாக இருக்கட்டும்.

நுகர்வோர் வழக்குக்குக் காலக்கெடு இரண்டு ஆண்டு, அதில் எட்டு மாதம் போய்விட்டது. மைனர் என்பதால் கெடு நிற்கும் என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.