ஒரு கப் என்றால் எத்தனை கிராம்?

"குறிப்பில் கப் கணக்கு, கடையில் கிராம் கணக்கு. ஒரு கப்புக்கு எத்தனை கிராம் எடுக்கணும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எதை அளக்கப் போகிறீர்கள் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அது தெரியாமல் அளந்து நானே ஒரு தடவை கெட்டேன்.

மும்பையில் செம்பூருக்குக் குடிவந்த புதிதில் கேக் செய்ய ஆசை. குறிப்பில் 250 கிராம் மைதா. என் கப்பின் அடியில் 250 மில்லி என்று இருந்தது. சரி, ஒரு கப்தானே என்று போட்டுவிட்டேன். வெண்ணெயும் முட்டையும் மட்டும் குறிப்பில் இருந்தபடியே. ஓவனில் நன்றாக எழும்பியது, வெளியே எடுத்ததும் நடுவில் பள்ளம். வீட்டில் ஸ்பூனால் வழித்துச் சாப்பிட்டார்கள்.

மில்லியும் கிராமும் ஒன்றாக இருப்பது தண்ணீருக்குத்தான். என் 250 மில்லி கப்பில் மைதா சுமார் 130 கிராம்தான் பிடிக்கிறது, அதாவது பாதி மாவில் கேக் செய்திருக்கிறேன். அதே கப்பில் சர்க்கரை 210, பச்சரிசி 200 சொச்சம், தேன் 350. எண்ணெய்க்குத் தராசே வேண்டாம், பாக்கெட்டைப் பாருங்கள். 1 லிட்டர் என்பதற்குப் பக்கத்திலேயே 910 கிராம் என்று இருக்கும்.

மாவில்தான் வம்பு. ஸ்பூனால் அள்ளிப் போட்டால் 130, கப்பையே டப்பாவுக்குள் அமுக்கி எடுத்தால் 150 தாண்டும். சலித்த மாவு இன்னும் குறையும். உப்பும் அப்படித்தான். கல் உப்புக்கு நடுவே சந்து இருப்பதால் தூள் உப்புக்குப் பதில் அதே ஸ்பூன் போட்டால் உப்புப் பத்தாது.

கப்பும் ஒரே கப் இல்லை. அமெரிக்கக் குறிப்புகளில் சுமார் 240 மில்லி, ரைஸ் குக்கரோடு வருவது 180. உங்களுடையது எவ்வளவு என்று தெரியவில்லையா? காலிக் கப்பைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள், எத்தனை கிராமோ அத்தனை மில்லி. ஊரிலிருந்து கொண்டுவந்த ஆழாக்கை இப்படிப் பார்த்தேன், 170க்குப் பக்கத்தில் காட்டியது. அப்புறம் ஒவ்வொரு சாமானையும் ஒரு தடவை எடை போட்டு டப்பா மூடியில் எழுதி ஒட்டிவிட்டேன்.

ஆனால் எல்லாவற்றுக்கும் தராசைத் தூக்க வேண்டாம். இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்றால் டம்ளரில் அளந்தாலும் ஆழாக்கில் அளந்தாலும் மாவு ஒன்றுதான். பாதியை எடை போட்டு, பாதியைக் கப்பில் அளக்கும்போதுதான் உதைக்கும்.

பக்கத்து வீட்டு மராத்திக் காக்கூ (நம்ம ஊர்ச் சித்தி மாதிரி) சங்கர்பாளி என்கிற இனிப்புப் பலகாரத்துக்கு ஒரு வாட்டி நெய், ஒரு வாட்டி சர்க்கரை, ஒரு வாட்டி பால் என்பார். வாட்டி என்றால் சாம்பார் ஊற்றும் கிண்ணம்தான். மைதா எவ்வளவு காக்கூ என்றால், "பிடிக்கிற வரைக்கும்." போன தீபாவளிக்கு என் வீட்டில் வந்து பிசைந்தார். அவருக்குத் தெரியாமல் மைதா டப்பாவை முன்னாலும் பின்னாலும் எடை போட்டேன். 150 மில்லி வாட்டிக்கு 450 கிராம் பிடித்திருந்தது. அதையும் மூடியில் எழுதிவிட்டேன்.