வெள்ளை ஒயின் கெட்டுவிட்டதா? (கடிதம்)

அன்புள்ள சார்,

லண்டனில் கணக்காளராக இருக்கிறேன். பக்கத்து வீட்டில் ஒரு லெபனான் குடும்பம். அவர்கள் குடிவந்தபோது சாமான் இறக்க இரண்டு நாள் உதவியாக இருந்தோம். அதற்காக இரண்டு பாட்டில் ஒயின் கொடுத்தார்கள், ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. இரண்டும் ஷாத்தோ முஸார் என்ற லெபனான் நிறுவனத்தின் ஒயின். வெள்ளையை ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து மூன்று நாள் முன்பு திறந்தோம். நிறம் பொன்னிறத்தைத் தாண்டிப் பழுப்பாக இருந்தது. பழ வாசமே இல்லை. வால்நட், பழைய தேன் மாதிரி ஏதோ ஒன்று. கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு கிளாஸோடு நிறுத்திவிட்டேன். கொட்ட மனம் வராமல் மூடி வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் அவர்களைச் சாப்பிட அழைத்திருக்கிறோம். லெபனான் சமையலையே செய்து பார்க்கலாம் என்கிறாள் மனைவி. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், அவர் சைவம். இன்னொரு வெள்ளை வாங்க வேண்டுமா? எந்த ஒயினுக்கு எதைச் சமைப்பது?

எஸ்., லண்டன்

அன்புள்ள எஸ்.,

கொட்டாமல் விட்டீர்களே, நல்ல காரியம். உங்கள் ஒயின் கெடவில்லை. முஸார் வெள்ளையின் நிறமும் வாசமும் அதுதான். குறை ஃப்ரிட்ஜ் குளிரில் இருக்கிறது.

வெள்ளை ஒயின் என்றால் பாட்டில் வேர்க்கும் அளவுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும் என்று நமக்குப் பழகிவிட்டது. பெரும்பாலான வெள்ளைகளுக்கு அது சரி. அவை அறுவடை முடிந்து ஒன்றிரண்டு ஆண்டில் கடைக்கு வருபவை. புதுப் பழத்தின் வாசமும் புளிப்பும்தான் அவற்றின் சொத்து. முஸார் வெள்ளை ஓக் பீப்பாயில் நொதித்து, பாட்டிலில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, ஏழாவது ஆண்டில்தான் வெளியே வருகிறது. லேபிளில் உள்ள ஆண்டைப் பாருங்கள், தெரியும். அத்தனை காலத்தில் பழ வாசம் அடங்கி, வால்நட், தேன், உலர்ந்த அத்திப்பழம் என்று வேறு வாசங்கள் எழுந்துவரும். கடுங்குளிரில் இவை எல்லாம் வாயைத் திறக்காது. 15 டிகிரி செல்சியஸ் போதும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் மேஜைமேல் வையுங்கள்.

இதில் இருக்கும் திராட்சைகள் இரண்டு, ஒபைதே, மெர்வா. இரண்டும் லெபனானின் சொந்தச் சரக்கு. ஒபைதே, சிரியா எல்லைப் பக்கம் இருக்கும் அன்டி-லெபனான் மலையடிவாரத்தில் விளைவது. மெர்வா, லெபனான் மலையின் கடல் பார்த்த சரிவில். அந்த நாட்டின் சோம்பு மணக்கும் மதுவான அரக்கைக் காய்ச்சுவதும் ஒபைதேயில்தான். பிரெஞ்சுத் திராட்சைகளுக்கே மதிப்பு இருந்த காலத்தில், உள்ளூர்த் திராட்சைகளை வைத்து ஏழு ஆண்டு காத்திருக்க ஒருவர் துணிந்தார். அவர் பெயர் செர்ஜ் ஹோஷார். அப்பா கஸ்தோன் ஹோஷார் 1930இல் தொடங்கிய முஸார் நிறுவனத்தில் 1959இல் ஒயின் செய்யும் பொறுப்பை ஏற்றவர். விருந்தினருக்கு அவர் சிவப்பு ஒயினை முதலில் கொடுத்துவிட்டு, வெள்ளையைக் கடைசியில்தான் ஊற்றுவார். எல்லா ஊரிலும் வழக்கம் இதற்கு நேர்மாறு. ஆனால் முஸாரைப் பொறுத்தவரை அவர் செய்ததே சரி என்பது என் உறுதியான எண்ணம். அந்த வெள்ளையின் கனத்துக்குப் பிறகு சிவப்பைக் குடித்தால் சிவப்பு இளைத்துப்போன மாதிரி இருக்கும்.

இதை நான் ஒரு வீட்டுச் சாப்பாட்டில்தான் புரிந்துகொண்டேன். லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் ஸஹ்லே என்று ஓர் ஊர். நண்பரின் வீடு அங்கே. போன அன்று அவருடைய அம்மா லபன் எம்மோ செய்துகொண்டிருந்தார். ஆட்டிறைச்சியைச் சின்ன வெங்காயத்தோடு வேகவைத்து, தயிரில் சேர்த்துக் கொதிக்கவிடும் பதார்த்தம். ‘அவன் தாயின் பால்’ என்று அர்த்தமாம். தயிரில் சோளமாவு கரைத்து அடுப்பில் வைத்தவர், கொதி வரும்வரை கரண்டியை எடுக்கவே இல்லை. ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். கை நின்றால் தயிர் திரிந்துவிடும் என்று சைகையில் சொன்னார். கடைசியில் எண்ணெயில் பூண்டும் கொத்தமல்லியும் வதக்கி மேலே கொட்டினார். சொய்ங் என்ற அந்தச் சத்தம் எல்லாரையும் மேஜைக்கு இழுத்துவிட்டது.

நண்பரின் அப்பா ஓர் ஓரமாக வைத்திருந்த வெள்ளை பாட்டிலை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார். இன்னும் குளிர் இருக்கிறது என்று ஜன்னலோரம் நகர்த்தி வைத்தார். மறுபடி தொட்டுப் பார்த்த பிறகுதான் ஊற்றினார். தயிரின் இளம்புளிப்பு, இறைச்சிக் கொழுப்பு, வதங்கிய பூண்டு, இவை மூன்றையும் அந்த ஒயின் கைகோத்துக்கொண்டு போனது. அதற்கு முன் ஒருமுறை, வேறோர் ஊரில், உங்களைப் போலவே ஐஸ் வாளியில் வைத்துக் குடித்துவிட்டு, என்ன பெரிய ஒயின் என்று நானும் நினைத்திருக்கிறேன்.

ஆகவே வெள்ளைக்கு என் முதல் தேர்வு லபன் எம்மோ. அவ்வளவு வேலை வேண்டாம் என்றால் மீன். வறுத்த மீன் வேண்டாம், அடுப்பில் சுட்ட மீனின்மேல் தஹினி ஊற்றிச் செய்வது நல்லது. தஹினி என்பது எள் விழுது, லண்டனில் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதில் எலுமிச்சையும் பூண்டும் சேர்த்துக் கடைந்தால் தரத்தூர். எள்ளின் கொழுப்பும் லேசான கசப்பும் இந்த ஒயினின் வால்நட் வாசத்துக்கு உறவுக்காரர்கள். லெபனானில் இருக்கும் திரிபோலிப் பக்கம் செய்யும் ஸம்கே ஹர்ரா என்ற மீனிலும் தஹினி, வால்நட், கொத்தமல்லி உண்டு. அதையும் செய்யலாம், ஆனால் மிளகாயைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சிவப்புக்கு வருவோம். கபர்னே சோவின்யோன், சான்ஸோ, காரின்யான் என்று மூன்று திராட்சை. பெக்காவின் தெற்கில் அனா, கெஃப்ராயா கிராமங்களைச் சுற்றி, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்தில் விளைகின்றன. கோடையில் மழையே கிடையாது, இரவில் மட்டும் நன்றாகக் குளிரும். அந்தக் குளிர்தான் பழத்தில் புளிப்பைக் காப்பாற்றுகிறது. மூன்றும் தனித்தனியாக சிமென்ட் தொட்டியில் நொதித்து, ஓர் ஆண்டு பிரெஞ்சு ஓக் பீப்பாயில் இருந்து, பிறகு கலக்கப்பட்டு, வடிகட்டாமல் பாட்டிலுக்குப் போகின்றன. இதுவும் ஏழாவது ஆண்டில்தான் விற்பனைக்கு வரும்.

தோட்டம் பெக்காவில், ஒயின் கூடமோ மலைக்கு அந்தப் பக்கம் பெய்ரூட்டுக்கு வடக்கே கஸீர் என்ற ஊரில். நடுவில் லெபனான் மலைத்தொடர். சாதாரண நாளில் லாரிக்குச் சில மணி நேர வேலை. 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அந்தச் சாலையே போர்முனை. 1976இல் ஒயினே செய்ய முடியவில்லை. 1984இல் லாரிகள் சுற்றிச் சுற்றி வந்து சேர்வதற்குள் திராட்சை வண்டியிலேயே நொதிக்கத் தொடங்கிவிட்டது. மற்ற எல்லா ஆண்டுகளிலும் அறுவடை நடந்தது, ஒயின் இறங்கியது. உள்ளூரில் வாங்க ஆளில்லாத நிலையில் செர்ஜ் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்து வந்தார். 1979இல் பிரிஸ்டல் ஒயின் கண்காட்சியில் அவருடைய 1967ஆம் ஆண்டுச் சிவப்பு எல்லார் பேச்சிலும் அடிபட்டது. 1984இல் டிகான்டர் என்ற ஒயின் பத்திரிகை ‘ஆண்டின் மனிதர்’ என்ற பட்டத்தை முதல்முறையாகக் கொடுத்தபோது அவருக்குத்தான் கொடுத்தது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எந்த ஒயினும் வாங்கிக் கொடுத்திருக்கலாம். இதைத் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பைத் திறந்ததும் நகப்பூச்சு மாதிரி ஒரு நெடி வரலாம், கொஞ்சம் மாட்டுக்கொட்டில் வாசமும் வரலாம். பயப்படாதீர்கள். முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டால் கசடு அடியில் தங்கும். விருந்துக்கு நான்கைந்து மணி நேரம் முன்பு மெதுவாக வாயகன்ற கண்ணாடி ஜாடிக்கு மாற்றுங்கள், கசடு கழுத்துக்கு வரும்போது நிறுத்திவிடுங்கள். காற்றுப் பட்டால் அந்த நெடி தணிந்து, செர்ரி, மசாலா, தோல் வாசமெல்லாம் வெளிவரும்.

இதனோடு ஆட்டிறைச்சிதான். பாக்கு மெல்லும்போது வாய் உலர்ந்துபோகுமே, அதே துவர்ப்பு சிவப்பு ஒயினில் உண்டு. கொழுப்புள்ள இறைச்சி அந்தத் துவர்ப்பை வழுக்கிவிடும். கரியில் சுட்ட கஃப்தா, அதாவது பார்ஸ்லியும் வெங்காயமும் சேர்த்துக் கொத்திய கறி, அருமையாகப் பொருந்தும். அதைவிட எனக்குப் பிடித்தது பால்பெக் ஊரின் ஸ்ஃபீஹா. உள்ளங்கையில் அடங்கும் மாவுச் சதுரத்தில் கொத்துக்கறியும் வெங்காயமும் மாதுளைப் பாகும் வைத்து, நான்கு மூலையையும் கிள்ளி மூடிச் சுடுவார்கள். மாதுளைப் பாகின் இனிப்புப் புளிப்பு ஒயினில் இருக்கும் பழத்தைத் தட்டி எழுப்பும். ஒன்று கடித்து ஒரு வாய் குடித்தால் அடுத்ததற்குக் கை தானாகப் போகும்.

அம்மாவுக்கு முஜத்தரா செய்யுங்கள். அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்து, மேலே கருகும் பதத்துக்கு வறுத்த வெங்காயத்தைக் கொட்டுவது. நம்மூர் நாக்குக்கு அந்நியமாகவே இருக்காது. சுட்ட கத்தரிக்காயில் தஹினி சேர்த்த முதப்பலும் வையுங்கள். அம்மா ஒயின் குடிக்காவிட்டாலும் போகட்டும், மற்றவர்களுக்கு இந்த இரண்டும் சிவப்போடு நன்றாகச் சேரும். வெங்காயத்தின் கருகிய இனிப்பும் கத்தரிக்காயின் புகைவாசமும் இறைச்சி செய்யும் வேலையைப் பாதியாவது செய்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. தபூலே, ஃபத்தூஷ் மாதிரி எலுமிச்சையும் சுமாக் என்ற புளிப்புப் பொடியும் தூக்கலாக இருக்கும் சாலட்டுகளோடு இந்த இரண்டு ஒயினையும் தொடாதீர்கள். உணவின் புளிப்பு ஒயினை மிஞ்சினால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். அவற்றுக்கு அரக்தான் சரி. முதலில் அரக், பிறகு அதில் இரண்டு மடங்கு தண்ணீர், கடைசியில்தான் ஐஸ். வரிசை மாறக் கூடாது, உங்கள் விருந்தாளியே சொல்லித்தருவார். அப்புறம், காரம். மனைவியிடம் ஒரே ஒரு நாள் மிளகாயை மறந்துவிடச் சொல்லுங்கள். காரம் சேர்ந்தால் துவர்ப்பு முரடாகும், ஆல்கஹால் சுடும்.

வரிசை இப்படி இருக்கட்டும்: சாலட்டும் ஹம்மஸும் அரக்கோடு, பிறகு ஸ்ஃபீஹாவும் முஜத்தராவும் சிவப்போடு, கடைசியில் லபன் எம்மோவுக்கு வெள்ளை. பக்லவா என்ற இனிப்புக்கு ஒயின் வேண்டாம், காபி போதும்.

இன்னொரு வெள்ளை வாங்கத்தான் வேண்டும். திறந்த பாட்டில் சில நாள் தாங்குமே தவிர அடுத்த மாதம்வரை தாங்காது. அதை இன்று இரவே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வையுங்கள். குளிர் போகட்டும். கொஞ்சம் வால்நட்டும் ஒரு துண்டு ஆட்டுப்பால் சீஸும் எடுத்துக்கொண்டு ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்துப் பாருங்கள். எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.